பெர்லின் ஹார்ட் பம்ப் வைத்த குழந்தைக்கு ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது

தளர்ந்த இதயத்துக்குத் துணையாக ரத்தத்தைத் தள்ளும் பெர்லின் ஹார்ட் எக்ஸ்கார் பம்ப் குழந்தையின் உடம்புக்கு வெளியே இருப்பது. அதன் மேல்மூடி தெளிவானது என்பதால் உள்ளே ரத்தம் ஓடுவதும் வால்வு திறந்து மூடுவதும் கண்ணுக்குத் தெரியும். மார்புக்குள் பொருத்தும் ஹார்ட்மேட் 3 போன்றவற்றில் இந்த வசதி கிடையாது. ரத்தக்கட்டியை நேரிலேயே பார்த்துவிடலாம். ஆனாலும் லேப் தாளைப் பார்க்கும் அக்கறையில் பாதியைக்கூடப் பம்பின் மேல் காட்டாத ஐ.சி.யூ.க்கள் உண்டு.

2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இந்தப் பம்ப் வைத்த 48 குழந்தைகளில் கிட்டத்தட்ட பத்துக்கு மூன்று பேருக்குப் பக்கவாதம் வந்தது. அன்றைய முறை முதலில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின். அதன் பிறகு ஒரு வயதுக்கு மேல் வார்ஃபரின் (அதன் வேலையைக் காட்டும் ரத்தச் சோதனையான ஐஎன்ஆர் 2.7 முதல் 3.5 வரை), ஒரு வயதுக்குள் எனாக்ஸபாரின் ஊசி. கூடவே தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஆஸ்பிரின் முதலான மருந்துகள்.

கைக்குழந்தைகளிடம் ஹெபாரின் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. அது வேலை செய்ய ரத்தத்தில் ஆன்டித்ராம்பின் என்ற புரதம் வேண்டும். பிறந்த குழந்தையிடம் அது பெரியவர்களில் ஏறக்குறைய பாதிதான். அளக்கும் சோதனையும் ஏமாற்றும்: பம்பில் சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் கசிந்தாலோ, பிலிருபின் ஏறியிருந்தாலோ, ஹெபாரினின் வேலையை அளக்கும் ஆன்டி-டென்-ஏ (anti-Xa) அளவு உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பி டோஸை ஏற்றினால் ரத்தக்கசிவில் போய் முடியும்.

அதனால்தான் இப்போது பல மையங்கள் பைவாலிருடினுக்கு மாறியிருக்கின்றன. இது ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பினை நேரடியாகப் பிடிப்பது, ஆன்டித்ராம்பின் தேவையில்லை. அறுவை முடிந்து 24 முதல் 48 மணி நேரத்தில், மார்புக் குழாயில் வரும் ரத்தம் கிலோவுக்கு மணிக்கு 2 மி.லி.க்குக் கீழே இறங்கிய பிறகே தொடங்குவார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் வழக்கமான ஆரம்ப டோஸ் கிலோவுக்கு மணிக்கு 0.3 மி.கி. ரத்தம் உறைய எடுக்கும் நேரமான ஏபிடிடியின் இலக்கு பொதுவாக 60 முதல் 90 விநாடி. முதல் சில நாட்கள் கீழ்ப்பக்கமாகவே வைப்பது நல்லது. டோஸ் மாற்றி 2 மணி நேரத்தில் மறுபடி ரத்தம் எடுக்கலாம். ஹெபாரின் போட்டு ஃப்ளஷ் செய்த லைனில் எடுத்த சாம்பிள் பொய் சொல்லும், அதை நம்பி டோஸில் கை வைக்கக்கூடாது.

கணக்கில்தான் பெரும்பாலும் சறுக்கும். 6 கிலோ குழந்தைக்கு மணிக்கு 1.8 மி.கி. வேண்டும். மி.லி.க்கு 5 மி.கி. அடர்த்தியில் கலந்தால் அது மணிக்கு 0.36 மி.லி.; இவ்வளவு மெதுவான ஓட்டத்தில் சிரிஞ்ச் பம்ப் தொடங்கவே நேரமெடுக்கும். 0.5 மி.கி. அடர்த்தியில் மணிக்கு 3.6 மி.லி. என்பது சீராக ஓடும், 50 மி.லி. சிரிஞ்ச் ஏறக்குறைய 14 மணி நேரம் வரும். ஒரே வார்டில் இரண்டு அடர்த்தியும் புழங்கினால் பத்து மடங்கு தவறு என்றைக்காவது நடந்தே தீரும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் அரை ஆயுள் சுமார் 25 நிமிடம்தான். அதனால் பழையது தீரும் முன்பே அடுத்த சிரிஞ்சைத் தயாராக வைக்க வேண்டும். அந்த லைனில் வேறு மருந்து தள்ளுவதோ ஃப்ளஷ் செய்வதோ கூடாது. குழாயில் நிற்கும் மருந்து மொத்தமாக உள்ளே போய்விடும்.

பைவாலிருடினுக்கு ஒரு குணம் உண்டு. அதன் பெரும்பகுதியை ரத்தத்தில் உள்ள த்ராம்பினே வெட்டிச் சிதைக்கிறது, சிறுநீரகத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுதான். ரத்தம் ஓடிக்கொண்டிருந்தால் புது மருந்து வந்துகொண்டே இருக்கும். தேங்கிய மூலையில் இருந்த மருந்து தீர்ந்துபோய் ரத்தம் உறையும். கையில் எடுத்த சாம்பிளில் ஏபிடிடி 80 என்று வரும்போதே வால்வு ஓரத்தில் கட்டி வளரலாம். ஆகவே முதலில் ஓட்டம், அப்புறம்தான் டோஸ்.

ஓட்டம் சரியா என்பதைப் பம்புக்குள் ரத்தத்தையும் காற்றையும் பிரிக்கும் சவ்வான மெம்பிரேன் சொல்லும். ஒவ்வொரு துடிப்பிலும் பம்ப் முழுதாக நிரம்பி முழுதாகக் காலியாக வேண்டும். நிரம்பும் நேரத்திலும் மெம்பிரேனின் சுருக்கம் போகாவிட்டால் உடம்பில் நீர்ச்சத்து குறைந்திருக்கலாம், கேனுலா (உடம்பையும் பம்பையும் இணைக்கும் குழாய்) மடங்கியிருக்கலாம், அல்லது துடிப்பு வேகம் அதிகமாக இருக்கலாம். கடைசி வரை தள்ளாமல் மிச்சம் வைத்தால் குழந்தையின் ரத்த அழுத்தத்தையும் பம்பைக் காற்றால் இயக்கும் டிரைவரின் தள்ளும் அழுத்தத்தையும் பாருங்கள். 10 மி.லி. பம்ப் நிமிடத்துக்கு 90 முறை முழுதாகத் தள்ளினால் 900 மி.லி. கிடைக்கும், அதாவது 6 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 150 மி.லி. "குழந்தை வளரட்டும்" என்று பெரிய பம்பை வைத்து மெதுவாக ஓட்டுவது தேக்கத்தைக் கூப்பிட்டு உட்கார வைப்பதுதான்.

ஒவ்வொரு ஷிப்டிலும் பலமுறை டார்ச்சும் பல் மருத்துவர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியும் கொண்டு இரண்டு வால்வுகளையும் கேனுலா இணையும் விளிம்புகளையும் பாருங்கள். படம் வரைந்து, இடமும் மி.மீ. அளவும் நிறமும் எழுதுங்கள். அசையாத மெல்லிய வெள்ளை இழை ஃபைப்ரின் என்ற உறைபுரதம், அதைக் கவனித்துக்கொண்டே போகலாம். கருஞ்சிவப்பு, ரத்தத்தோடு ஆடுவது, நேற்றைவிட வளர்ந்தது, வெளியேறும் வால்வில் இருப்பது எதுவானாலும் அறுவை நிபுணரை உடனே கூப்பிடுங்கள். அந்த வால்வுக்கு அடுத்தது மகாதமனி, அங்கிருந்து மூளை. கட்டி கரையுமா என்று காத்திருப்பதைவிடப் பம்பை மாற்றுவதே மேல்.

காய்ச்சல் வந்தால் டோஸ் மாறாமலே கட்டி வரலாம். தொற்றோடு, ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜனும் ஏறும். கேனுலா வெளிவரும் தோல், சென்ட்ரல் லைன் இரண்டையும் முதலில் சந்தேகப்படுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரினின் வேலையைக் கெடுத்துவிடும். வார்ஃபரினில் இருக்கும் குழந்தைக்கு ஆன்டிபயாட்டிக் தொடங்கினால் ஐஎன்ஆர் எகிறலாம். தாய்ப்பாலில் வைட்டமின் கே குறைவு, பவுடர் பாலில் சேர்த்திருப்பார்கள். பால் மாறும் வாரத்தில் ஐஎன்ஆரை அடிக்கடி பாருங்கள்.

ரத்த அழுத்தத்தை மறக்க வேண்டாம். இதயம் தளர்ந்தபோது தாழ்ந்திருந்த அழுத்தம் பம்ப் வந்ததும் ஏறும், அழுதாலும் வலித்தாலும் இன்னும் ஏறும். மருந்து ஓடும் மூளையில் அது ரத்தக்கசிவாக முடியலாம்.

ஒரு கை அசைவு குறைந்தால், பார்வை ஒரு பக்கமே நின்றால், வலிப்பு வந்தால், பால் குடிக்கும் குழந்தை திடீரென்று மறுத்தால் உடனே சி.டி. எடுக்க வேண்டும். இந்தப் பம்போடு எம்.ஆர்.ஐ. கூடாது. கசிவு என்று தெரிந்தால் பைவாலிருடினை நிறுத்த வேண்டும். அதற்கு மாற்று மருந்து இல்லை, சிறுநீரகம் நன்றாக இருந்தால் சில மணி நேரத்தில் தானே இறங்கும். எத்தனை மணி நேரம் நிறுத்தி வைக்கலாம் என்பதை நரம்பியல், இதயக் குழுக்கள் சேர்ந்து முடிவு செய்யட்டும். அதுவரை டார்ச் சோதனையை மணிக்கொரு தடவையாக்குங்கள்.