வெடி நிக்குமா?

"குவாரிக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து முடிவெடுக்கக் கலெக்டருக்கு உத்தரவு போடட்டுமா, இல்லை வழக்கை முழுதாக வாதாடித் தீர்ப்பு வாங்குகிறீர்களா?" என்று நீதிபதி கேட்டார். "உத்தரவே போதும்" என்றேன். 12 வாரக் கெடு கொடுத்து மனுவை முடித்துவைத்தார்கள்.

வராண்டாவுக்கு வந்ததும் என் கட்சிக்காரரான அந்த அம்மா கேட்டார்: "தம்பி, வெடி நிக்குமா?"

"கலெக்டர் முடிவு சொல்லணும்மா."

"அதுவரைக்கும்?"

"தடை இல்லம்மா."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல."

நான் செய்ததற்குக் காரணம் உண்டு. மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரி அது, 5 ஹெக்டேருக்கும் குறைவு. சின்னக் குவாரியானாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று தீபக் குமார் வழக்கில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமதியும் வாங்கியிருந்தார்கள். ஆனால் இந்த அளவுள்ள தனிக் குவாரிக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. அனுமதி இணையதளத்தில் ஏறும். ஊருக்கோ முதல் வெடிச் சத்தத்தில்தான் தெரியும். பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தாமதத்தை மன்னித்தால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரமில்லை. அந்த அம்மா என்னிடம் வந்தபோது அதெல்லாம் கடந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஐகோர்ட் மதுரைக் கிளையில் ரிட், அதாவது அதிகாரிகளின் முடிவை எதிர்த்து நேரடியாகப் போடும் மனு மட்டும்.

அங்கே எங்கள் பிடி ஒன்றுதான். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது என்பது தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதி. வீடே இல்லை என்று விஏஓ சான்று கொடுத்திருக்கிறார். அந்த அம்மா கொண்டுவந்த போட்டோவில் அடுப்படிச் சுவர் விரிசலுக்குள் ஒரு பத்து ரூபாய் நாணயம் செங்குத்தாகச் செருகி நிற்கிறது. அகலம் தெரியட்டும் என்று அவரே வைத்து எடுத்தது. அதைவிட நல்ல ஆவணம் என் வழக்குக் கட்டுக்குள் இல்லை.

ஆனாலும் ஒருவர் வீடு இருக்கிறது என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார் என்றால் ரிட்டில் அதைத் தீர்க்க மாட்டார்கள். வாதாடித் தள்ளுபடியாகியிருந்தால் அந்த உத்தரவைக் காட்டியே குவாரிக்காரர் காலத்தை ஓட்டியிருப்பார். இப்போது கதவு திறந்திருக்கிறது.

சரி, யாருக்குத் திறந்திருக்கிறது? அளக்கப் போவதும் அதே வருவாய்த்துறைதான். அளக்கும்வரை வெடி வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்கக் கேட்டேன். எதிர்த்தரப்பைக் கேட்காமல் முடியாது என்றார்கள். நோட்டீஸ் போகட்டும், வழக்கு நிலுவையில் இருக்கட்டும் என்று நின்றிருக்கலாம். அடுத்த வாய்தாவில் தடை கிடைத்திருக்குமோ என்னவோ. சீனியர்கள் பலரும் நான் செய்தது சரி என்கிறார்கள். சட்டப்படி எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் 12 வாரம் எனக்கு ஒரு கெடு. அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு வெடிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிற காலம். அதைத் தாங்க முடியுமா என்று சொல்ல வேண்டியவர் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

கேட்டிருந்தாலும் "உங்களுக்குத்தான் தம்பி தெரியும்" என்றுதான் சொல்லியிருப்பார் என நினைக்கிறேன். முக்கால்வாசிக் கட்சிக்காரர்கள் அப்படித்தான். நாளைக்கு இன்னொரு குவாரி வழக்கில் இதே கேள்வி வந்தால், அநேகமாக இதே பதிலைத்தான் சொல்வேன். "கட்சிக்காரரிடம் பேசிவிட்டு மதியம் சொல்கிறேன்" என்று அவகாசம் கேட்டுவிட்டுச் சொல்வேன்.