கார்ன் கேப்ல ஆரம்பிச்சு செருப்புல முடிஞ்ச கதை (வீட்ல சுகர் பேஷன்ட் இருந்தா படிங்க)

எங்கம்மாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். வலது கால் பெருவிரலுக்குக் கீழ, நடக்கும்போது அழுத்தம் விழுற இடத்துல கால் ஆணி வந்துருச்சு. பக்கத்து மெடிக்கல்ஸ்ல போய் கேட்டிருக்காங்க, அங்க இருந்த பையன் கார்ன் கேப்ப (ஆணி மேல ஒட்டுற மருந்து பிளாஸ்டர்) எடுத்துக் குடுத்துட்டான். மாசாமாசம் சுகர் மாத்திரை வாங்குற அதே கடை, அதே பையன், "சுகர் இருக்கே, இது வேணாம்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லல. பாக்கெட்டுல சுகர் உள்ளவங்க யூஸ் பண்ணக்கூடாதுன்னு போட்டுதான் இருக்கு, ஆனா எறும்பு சைஸ் எழுத்துல, இங்கிலீஷ்ல.

அதுல இருக்கறது சாலிசிலிக் ஆசிட். இங்க விக்கிற கேப்ல பெரும்பாலும் 40 சதவீதம். தடிச்ச தோலக் கரைக்கறதுதான் அதோட வேலை, கொஞ்சம் நகந்துச்சுன்னா பக்கத்துல இருக்குற நல்ல தோலையும் சேத்துக் கரைக்கும். உணர்ச்சி இருக்கறவங்களுக்கு எரியும், பிச்சு எறிஞ்சுருவாங்க. அம்மாவுக்குப் பாதத்துல மரமரப்பு, எரிச்சலே தெரியல. வீட்ல பாத்தப்போ ஆணிய சுத்தி தோலு வெள்ளையா ஊறிப்போய், நடுவுல சின்னதா ஒரு குழி, பாயில ஈரம். வலியே இல்லடா, ஆணி நல்லா பழுத்து விழப்போகுதுன்னு அம்மா சந்தோஷமா சொல்றாங்க. எதுத்த வீட்டு அத்தை எருக்கம்பால் வைக்கச் சொன்னாங்களாம், நல்லவேளை அதுக்குள்ள நான் பாத்துட்டேன். அது இன்னும் மோசம், தோலையே பொத்துரும்.

டாக்டர் பாத்த பார்ட் ஸ்மூத்தா போச்சு. பிளேடால தடிச்ச தோல சீவி எடுத்தாரு, அம்மா அந்த நேரத்துல கல்யாணக் கதை பேசிட்டு இருந்தாங்க, அவ்ளோ மரத்துப்போயிருக்கு. அப்புறம் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை, 10 கிராம் அழுத்தத்துல வளையுமாம், அத வச்சு பாதத்துல அங்கங்க குத்தி தெரியுதா தெரியுதான்னு கேட்டாரு. பாதி இடத்துல பதிலே இல்ல. ரத்த ஓட்டத்துக்குக் கை பிரஷரையும் கணுக்கால் பிரஷரையும் எடுத்து ஒப்பிட்டாங்க, கணுக்கால் பிரஷர கை பிரஷரால வகுத்தா வர்ற நம்பர் 0.9க்குக் கீழ போனா ஓட்டம் கம்மின்னு அர்த்தம், அம்மாவுக்கு அதுக்கு மேல இருந்துச்சு, அது ஒண்ணுதான் ஆறுதல். ஆன்டிபயாட்டிக், டிரெஸ்ஸிங், புண்ணு மேல வெயிட் விழாம இருக்க ஓட்டை போட்ட ஃபெல்ட் பேடு. கடைசியில ஒண்ணு சொன்னாரு, "நான் எத்தன தடவ சீவுனாலும் திரும்ப வரும், செருப்ப மாத்துங்க". ஆணி வர்றதே அந்த இடத்துல அழுத்தம் விழுறதாலதான்.

அந்த செருப்புக்குத்தான் இவ்ளோ அலைச்சல்.

மொதல்ல கடையில டயாபெட்டிக் செருப்புன்னு போர்டு போட்டு வச்சிருந்தத வாங்குனோம். ஆயிரத்து சொச்சம். டாக்டர் கையில எடுத்து கட்டைவிரலால ஒரு அழுத்து அழுத்துனாரு, பள்ளம் விழுந்தது விழுந்தபடியே நிக்குது. நல்ல எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர், மெத்துனு இருக்குற ரப்பர்) ஷீட்டுன்னா அழுத்துனா திரும்பி எழும்பணும். போதாததுக்கு விரல் நுழைக்கிற வளையம் வேற. சுகர்காரங்களுக்கு அந்த வளையமும் விரல் நடுவுல போற பட்டையும் ஆகவே ஆகாது, அங்க உரசியே புண்ணு வரும். பின்னாடி பட்டை இருக்கணும், இல்லன்னா செருப்பு கழண்டு போனதுகூட தெரியாம நடந்துட்டே இருப்பாங்க. அடி சோல் முள்ளு குத்த முடியாத அளவுக்கு கெட்டியா இருக்கணும். கடைக்காரர்கிட்ட திருப்பிக் குடுக்கப் போனா "பில்லு போட்டாச்சு சார், எக்ஸ்சேஞ்ச்தான்". எக்ஸ்சேஞ்ச் பண்ண அங்க என்ன இருக்கு, எல்லாமே வளையம் வச்சதுதான்!

அப்புறம் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில செஞ்சு தருவாங்கன்னு கேள்விப்பட்டுப் போனோம். கவுன்டர்ல "டாக்டர் லெட்டர்ல டிபார்ட்மென்ட் சீல் இல்ல, நாளைக்கு வாங்க". மறுநாள் சீலோட போனா, அளவெடுக்கறவரு கேம்ப் போயிருக்காராம். இத மொத நாளே சொல்லிருந்தா என்ன? கால கீழ ஊனாதீங்கன்னு டாக்டர் சொல்லி அனுப்புன அம்மாவ, ஆட்டோல ஏத்தி எறக்கி அந்த வராண்டாவுல நடக்க வச்சதுதான் மிச்சம். அங்க இருந்த ஒரு நர்ஸக்கா பாத்துட்டு வீல்சேர் எடுத்துட்டு வந்தாங்க, அவங்க நல்லா இருக்கணும்.

ஒருவழியா அளவெடுத்தாங்க, அதுலயும் கூத்து. பெரிய டிரெஸ்ஸிங் கட்டோட கால பேப்பர்ல வச்சு வரைஞ்சுட்டாங்க. பின்னாடி புண்ணு ஆறி கட்டு பிரிச்சதும் செருப்பு லொட லொடன்னு ஆடுது. திரும்ப அந்த கவுன்டருக்குப் போக எனக்குத் தெம்பே இல்ல. எங்க தெருமுனையில செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட காட்டுனேன். திருப்பித் திருப்பிப் பாத்தாரு, மேல்பட்டைய பிரிச்சு வெல்க்ரோவ உள்ள தள்ளி, தையல் முடிச்சு காலுல படாத மாதிரி வெளிப்பக்கமா வச்சு தச்சுக் குடுத்தாரு. நான் ஒண்ணும் சொல்லல, அவரா யோசிச்சு செஞ்சது. அம்பது ரூபா. அடுத்த விசிட்ல டாக்டர் அந்தத் தையலத் தடவிப் பாத்துட்டு யாரு பண்ணதுன்னு கேட்டாரு.

அளவு குடுக்குறப்போ ரெண்டு காலையும் வரையச் சொல்லுங்க, ஒரு கால் சைஸ வச்சு இன்னொண்ணு பண்ணிருவாங்க. கடைல வாங்குனாலும் சாயங்காலமா போங்க, அப்பத்தான் கால் வீங்கி சரியான அளவுல இருக்கும். புதுசா வந்தத மொத நாளே நாள் பூரா போட விடாதீங்க, கொஞ்ச நேரம் போட்டுக் கழட்டி எங்கயாவது செவந்திருக்கான்னு பாருங்க.

போட வைக்கறதுதான் தனி போராட்டம். தொழுநோய் வந்தவங்களுக்கும் எம்.சி.ஆர். செருப்புதான் குடுப்பாங்க, அம்மாவுக்கு அது தெரியும், "இதப் போட்டுட்டு தெருவுல போனா நாலு பேரு என்ன நெனப்பாங்க"ன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாங்க. கலர் பட்டை போட்டது ஒரு ஜோடி வாங்குனதும் அது ஓஞ்சுச்சு. வீட்டுக்குள்ள போடறதுக்குத் தனி ஜோடி, அடுப்படி வரைக்கும் ஓகே, பூஜை ரூம்ல கண்டிப்பா முடியாதுன்னுட்டாங்க. சரி, அங்க மெத்துனு ஒரு பாய் போட்டாச்சு. கோயிலுக்கு வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, தடிமனான சாக்ஸ் போட்டுத்தான். மத்தியானத்துல அந்தக் கல்லுல வெறுங்கால வச்சா கொப்பளம் வந்ததுகூட வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரியும்.

ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி மொபைல்ல டார்ச் போட்டு அடிப்பாதத்தையும் விரல் இடுக்கையும் நான்தான் பாக்குறேன். எண்ணெய் தடவுனா விரல் இடுக்குல மட்டும் தடவாதீங்க, ஈரம் தங்கி புண்ணாயிரும். எதுத்த வீட்டு அத்தைக்கும் சுகர் இருக்கு, போன வாரம் அவங்க காலையும் காட்டச் சொல்லி அம்மாவே கூப்ட்டு உக்கார வச்சாங்க. குதிகால்ல வெடிப்பு இருக்கு, இன்னும் டாக்டர்கிட்ட போக மாட்டேங்குறாங்க.