கம்பி நீட்டிய மோதிரம்

தூரத்தில் நின்றபடியே தங்கம் இருக்கும் திசையைக் காட்டும் கருவியை வீட்டிலேயே செய்யலாம் என்று படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சாதாரண மெட்டல் டிடெக்டர் என்றால் தரையோடு தரையாக ஆட்டிக்கொண்டே நடக்க வேண்டும். அதிலும் ஒற்றைக் காசு ஒரு முழத்துக்குக் கீழே போய்விட்டால் பெரும்பாலும் கையை விரித்துவிடும். இதுவோ நூறு மீட்டர் தள்ளியிருந்தே காட்டுமாம்.

செய்வதற்குப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு 555 ஐசி, இரண்டு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர், 9 வோல்ட் பேட்டரி. 1972-ல் விற்பனைக்கு வந்த இந்தச் சின்ன ஐசி, விளக்கை மினுக்குவதிலிருந்து பொம்மையைக் கத்தவைப்பது வரை சொன்ன வேலையைச் செய்யும். இங்கே அதைத் தங்கத்தின் அதிர்வெண்ணில் துடிக்கவைக்க வேண்டுமாம். எனக்குக் கிடைத்த மூன்று வரைபடங்களிலும் தங்கத்துக்கு மூன்று வெவ்வேறு எண்கள். எதற்கு வம்பு என்று நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டேன்.

உண்மையான கதாநாயகன் மேலே இருக்கும் கம்பிதான். எல் வடிவத்தில் வளைத்த பித்தளைக் கம்பியின் குட்டைக் காலைக் காலியான பேனாக் கூட்டுக்குள் நிறுத்தினேன். ஊதினாலே திரும்பியது. சால்டரிங் வைத்ததில் ஆள்காட்டி விரலில் ஒரு கொப்புளம். புதையல் வேட்டை என்றால் விழுப்புண் இல்லாமலா?

முதல் சோதனைக்கு மனைவியின் மோதிரத்தை சோபா மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டு, வாசலிலிருந்து மெல்ல நடந்து வந்தேன். கம்பி, எஜமானின் குரல் கேட்ட நாய் மாதிரி, நிதானமாகத் தலையைத் திருப்பி சோபாவைக் காட்டியது. புல்லரித்துவிட்டது. அலமாரியில் வைத்தால் அலமாரியைக் காட்டியது. செருப்புக்குள் வைத்தால் செருப்பை. எட்டுக்கு எட்டு!

எலக்ட்ரானிக்ஸ் படித்த மைத்துனனை உடனே வரவழைத்தேன். கருவியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தவன் கேட்டான்: "அத்தான், பேட்டரி எங்கே?"

பெட்டிக்கு உள்ளே இணைப்புக் கம்பி மட்டும் அநாதையாகத் தொங்கியது.

"என் கார் ரிமோட்டுக்கு நேத்தே எடுத்துட்டேன்பா," என்றாள் மகள்.

அப்புறம் அவன் வகுப்பு எடுக்க ஆரம்பித்தான். மோதிரம் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். மணிக்கட்டு எனக்கே தெரியாமல் ஒரு மயிரிழை சாயும். சரிவாக மாட்டிய கதவு தானாகத் திறப்பதுபோல் கம்பி அந்தப் பக்கம் போகும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல் 1833-லேயே இதை எழுதிவிட்டாராம். பாதரசத்துக்கு மேலே அவர் கையில் தொங்கவிட்டபோது ஜோராக ஆடிய ஊசல், அவர் கண்ணைக் கட்டிக்கொண்டதும் பாதரசத்தைச் சட்டை செய்யவில்லை. "நிஜ டிடெக்டருக்கே, சின்னப் பொருள் இரண்டு மடங்கு தள்ளிப் போனால் சிக்னல் அறுபத்து நாலில் ஒரு பங்காகிவிடும் அத்தான். நீங்க நூறு மீட்டர்ங்கிறீங்க. ஏடிஇ 651-னு ஒண்ணு. இதே மாதிரி ஆண்டெனாவை வெடிகுண்டு கண்டுபிடிக்கும்னு ஈராக்குக்கு வித்த பிரிட்டிஷ்காரருக்கு 2013-ல் பத்து வருஷம் தண்டனை."

"அவர் கம்பியை வித்து கம்பி எண்ணினார். நான் விக்கலையே," என்றேன். வாதம் எனக்கே கொஞ்சம் பலவீனமாகத்தான் பட்டது.

சரி, புது பேட்டரி போட்டு நியாயமாக ஒரு சோதனை என்று முடிவானது. நாங்கள் மூவரும் உள்ளே இருக்க, மகள் மட்டும் போய் மாடியில் இருந்த பன்னிரண்டு பூந்தொட்டிகளில் ஒன்றில் மோதிரத்தைப் புதைத்துவிட்டு வந்தாள். நான் கருவியுடன் கம்பீரமாக மாடியேறினேன். கம்பி முதலில் தண்ணீர்த் தொட்டியைக் காட்டியது. பிறகு துணி காயும் கொடியை. பிறகு, கொஞ்சம் யோசித்து, மனைவியை.

"போதும், எடுத்துக் குடுடி," என்றாள் மனைவி.

"மஞ்சப் பூ இருந்த தொட்டிம்மா," என்றாள் மகள். எந்தத் தொட்டியிலும் மஞ்சள் பூ இல்லை. அது அவள் தலையில் இருந்தது. புதைத்த கையோடு பறித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். செய்தித்தாளை விரித்து, தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, சல்லடையில் மண்ணைச் சலித்தோம். முதல் தொட்டியில் மண்புழு. நாலாவதில் மகள் எப்போதோ தொலைத்த பென்சில் சீவி. மோதிரம் கம்பி நீட்டிவிட்டது என்றே நினைத்தேன். இருட்டும் நேரத்தில் பாக்கியிருந்தது ஒரே ஒரு தொட்டி. அதன் விளிம்பில்தான் சலிக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று என் கருவியைச் சாய்த்து வைத்திருந்தேன். எடுத்துத் தரையில் வைத்துவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்தேன். மோதிரம் விழுந்தது.

யாரும் பேசவில்லை. மைத்துனன்தான் என் தோளில் மண் கையைப் போட்டான்.

"விடுங்க அத்தான். இது தூரத்துக்கான கருவி. கிட்ட இருக்கிறது எப்படித் தெரியும்?"