சிசிஎன்ஏ தேர்வில் பிஓஇ: எண்களை மனப்பாடம் செய்யாமல் படித்த அனுபவம்

சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழுக்கான சிசிஎன்ஏ தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், ஒரு கிடங்கில் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தும் வேலையை எடுத்திருந்தேன். கடைசிக் கேமரா, நெட்வொர்க் சுவிட்ச் (சாதனங்களைக் கேபிள் வழியே இணைக்கும் பெட்டி) இருந்த அறையிலிருந்து 80 மீட்டர் தள்ளி, பிளக் பாயிண்ட் ஏதும் இல்லாத ஒரு மூலையில் அமைய வேண்டியிருந்தது. 12 வோல்ட் அடாப்டரை அறையிலேயே செருகி, கேட்-5இ வகை நெட்வொர்க் கேபிளில் தரவுக்குப் பயன்படாமல் கிடந்த நீல ஜோடியையும் பழுப்பு ஜோடியையும் கொண்டு மின்சாரத்தைக் கேமரா வரை கொண்டுபோனேன். பகலில் படம் தெளிவாக வந்தது. மாலை ஆறரை மணிக்கு இருட்டத் தொடங்கியதும் கேமரா அணைந்தது. தானாகவே மீண்டும் பூட் ஆனது. அகச்சிவப்பு விளக்குகள் எரிய முயன்றதும் மறுபடி அணைந்தது. அதிக ஆம்பியர் உள்ள அடாப்டரை வாங்கி மாற்றியும் பயனில்லை. இரண்டு நாட்கள் ஏணியும் கையுமாக அலைந்த பிறகு, வேறு வழியில்லாமல் அந்த மூலைக்குத் தனி மின்கம்பி இழுத்து வேலையை முடித்துக் கொடுத்தேன்.

அங்கே நடந்தது என்னவென்று எனக்கு விளங்கியது, தேர்வுக்காக பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட், அதாவது தரவு போகும் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் முறை) பாடத்தைத் திறந்து, கையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தபோதுதான். கேட்-5இ கேபிளின் ஒரு கம்பிக்கு 100 மீட்டருக்கு அதிகபட்சம் 9.38 ஓம் மின்தடை அனுமதிக்கப்படுகிறது. 80 மீட்டருக்கு அது சுமார் 7.5 ஓம். போவதற்கு இரண்டு கம்பிகள் இணையாகவும் வருவதற்கு இரண்டு கம்பிகள் இணையாகவும் இருப்பதால், முழுச் சுற்றின் தடையும் அதே 7.5 ஓம்தான். அந்தத் தடையைத் தாண்டி 12 வோல்ட் மூலத்திலிருந்து மறுமுனையில் பெறக்கூடிய உச்ச ஆற்றல், 12-இன் வர்க்கத்தை 4 மடங்கு தடையால் வகுத்தால் கிடைப்பது: 4.8 வாட். பகலில் 3 வாட் கேட்ட கேமரா அதற்குள் அடங்கியது. இரவில் விளக்குகளோடு சேர்த்து 6 வாட் கேட்டபோது, எத்தனை ஆம்பியர் அடாப்டரை மாட்டினாலும் அது கிடைக்க வழியே இல்லை. இதே 6 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பியிருந்தால் மின்னோட்டம் 0.13 ஆம்பியர், வழியில் இழப்பது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. பிஓஇ ஏன் 48 வோல்ட் அளவில் இயங்குகிறது என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடையை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்கவில்லை.

200-301 என்ற எண்ணுள்ள சிசிஎன்ஏ தேர்வின் பாடத்திட்டத்தில் பிஓஇ ஒரு சிறு தலைப்பு. அது இடம்பெறும் நெட்வொர்க் அடிப்படைகள் என்ற பகுதிக்கே மொத்தத்தில் 20 விழுக்காடுதான் எடை. அதற்குள் இது ஒரு வரி. ஆகவே பலர் இதை ஓர் அட்டவணையாக மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். 15.4, 12.95, 30, 25.5 என்று வரிசையாக ஒப்பித்துவிட்டு, தேர்வறையில் எது சுவிட்ச் தரும் அளவு, எது சாதனம் பெறும் அளவு என்று குழம்புவது இதனால்தான். நானும் முதல் வாரம் அப்படித்தான் படித்தேன். பிறகு ஒரே ஒரு கழித்தல் கணக்கு அந்த அட்டவணையைத் தேவையற்றதாக்கிவிட்டது.

பிஓஇ-க்காக 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வழங்கும் முனையில் குறைந்தபட்சம் 44 வோல்ட், மின்னோட்டம் 0.35 ஆம்பியர், பெருக்கினால் 15.4 வாட். அன்றைய பழைய கேபிள்களையும் கருத்தில் கொண்டு 100 மீட்டர் சுற்றுக்கு 20 ஓம் தடை என்று கணக்கிட்டார்கள். 0.35-இன் வர்க்கத்தை 20-ஆல் பெருக்கினால் 2.45 வாட், அது கேபிளிலேயே வெப்பமாகிப் போகிறது. மிச்சம் 12.95 வாட். 2009-இல் வந்த 802.3ஏடி தரநிலையில் 50 வோல்ட், 0.6 ஆம்பியர், அதாவது 30 வாட். கேட்-5 அல்லது அதைவிட மேலான கேபிளைக் கட்டாயமாக்கியதால் தடை 12.5 ஓம், இழப்பு 4.5 வாட், மிச்சம் 25.5. 2018-இல் வந்த 802.3பிடி நான்கு ஜோடிகளிலும் மின்சாரத்தை அனுப்புவதால் தடை பாதியாகி 6.25 ஓம் ஆகிறது. மூன்றாம் வகையில் 1.2 ஆம்பியர் ஓடும்போது 60 வாட்டில் 9 வாட் வழியில் போய் 51 வாட் சேருகிறது. நான்காம் வகைக்கு 90 வாட்டும் 71.3 வாட்டும் என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 52 வோல்ட், 1.73 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். இந்தக் கணக்குகளை ஒருமுறை கையால் போட்டவருக்குப் பெரிய எண் சுவிட்சுடையது, சிறிய எண் சாதனத்துடையது என்பது மறக்காது.

அடுத்து நேரம் செலவிட வேண்டியது, மின்சாரம் பாய்வதற்கு முன் சுவிட்சும் சாதனமும் நடத்தும் பேச்சுவார்த்தை. சாதாரண மடிக்கணினியை பிஓஇ போர்ட்டில் செருகினால் எரிந்துவிடாதா என்று என்னிடம் கேட்காத வாடிக்கையாளர் இல்லை. சுவிட்ச் முதலில் 10 வோல்ட் அளவுக்கு மேற்படாத மெல்லிய அழுத்தத்தைக் கொடுத்து, மறுமுனையில் சுமார் 25 கிலோ ஓம் தடை இருக்கிறதா என்று பார்க்கிறது. அது இருந்தால்தான் அடுத்த படி. 15.5 முதல் 20.5 வோல்ட் வரையிலான அழுத்தத்தில் சாதனம் இழுக்கும் மின்னோட்டத்தைக் கொண்டு அதன் வகுப்பை அறிகிறது: முதல் வகுப்புக்கு 4 வாட், இரண்டாவதற்கு 7, மூன்றாவதற்கு 15.4, நான்காவதற்கு 30. வகுப்பைச் சொல்லாத சாதனம் பூஜ்ய வகுப்பில் அடங்கி, அதற்கும் 15.4 வாட் ஒதுக்கப்படும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் முழு அழுத்தம் வருகிறது; கேபிளைப் பிடுங்கினால் அரை நொடிக்குள் நிறுத்தப்பட்டும் விடுகிறது. மடிக்கணினியில் அந்தத் தடை இல்லாததால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பேசிவ் இன்ஜெக்டர்கள் (கேபிளில் மின்சாரத்தைச் சேர்க்கும் சிறு பெட்டிகள்) இந்தப் பேச்சுவார்த்தை எதையும் நடத்துவதில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். செருகிய நொடியிலேயே அவற்றில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கிடங்கில் நான் செய்ததும் அதே வகைதான்.

பயன்படாத ஜோடிகளில்தான் பிஓஇ ஓடுகிறது என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 4, 5, 7, 8 ஆகிய கம்பிகள் சும்மா இருப்பது உண்மை. ஜிகாபிட்டில் எட்டுக் கம்பிகளிலும் தரவு ஓடுகிறது. ஒரு ஜோடியின் இரு கம்பிகளுக்கும் மின்னோட்டம் சமமாகப் பிரிவதால், அவற்றுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை மட்டும் படிக்கும் தரவுக்கு அது இடையூறாவதில்லை. 1, 2, 3, 6 வழியாகப் போவது ஏ முறை. 4, 5, 7, 8 வழியாகப் போவது பி முறை.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதில் மூன்று நிலைகள் உண்டு: சுவிட்ச்சே கொடுப்பது, சுவிட்ச்சுக்கும் சாதனத்துக்கும் நடுவில் இன்ஜெக்டர் கொடுப்பது, சாதனத்தின் அருகிலேயே அடாப்டர் கொடுப்பது. இதைப் பழக, நெட்வொர்க்கைக் கணினியிலேயே அமைத்துப் பார்க்க உதவும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் போதும். அதில் 7960 ஐபி ஃபோனை 2960 சுவிட்ச்சுடன் இணைத்துவிட்டு, ஃபோன் ஏன் எழவில்லை என்று ஒரு மணி நேரம் விஎல்ஏஎன் (நெட்வொர்க்கைத் தனித்தனிப் பிரிவுகளாக்கும்) அமைப்புகளை நோண்டிக்கொண்டிருந்தேன். ஃபிசிக்கல் தாவலைத் திறந்து, கீழே கிடக்கும் அடாப்டரை இழுத்து ஃபோனில் செருகியதும் திரை எரிந்தது. அந்த ஒரு மணி நேரம் வீணானதாக நான் நினைக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பிரச்சினையிலும் முதலில் மின்சாரம் வருகிறதா என்றுதான் பார்க்கிறேன்.

சுவிட்ச்சின் மொத்த மின்பட்ஜெட்டை மாணவர்கள் கவனிப்பதில்லை. 370 வாட் பட்ஜெட் உள்ள 24 போர்ட் சுவிட்ச்சில் எல்லாப் போர்ட்டுக்கும் 15.4 வாட் கொடுத்தால் 369.6 வாட், கச்சிதமாக முடிந்துவிடும். அதே 370 வாட்டோடு 48 போர்ட் இருந்தால் பாதிப் போர்ட்டுக்குத்தான் அந்த அளவு கிடைக்கும். 30 வாட் கேட்கும் சாதனங்கள் என்றால் பன்னிரண்டோடு நின்றுவிடும். பதின்மூன்றாவது சாதனத்தைச் செருகிவிட்டு 'ஷோ பவர் இன்லைன்' கட்டளையைக் கொடுத்தால், அந்தப் போர்ட்டுக்கு நேரே 'பவர்-டினை' (மின்சாரம் மறுக்கப்பட்டது) என்று இருக்கும். கட்டளைகளில் 'பவர் இன்லைன்' என்பதோடு வரும் ஆட்டோ, ஸ்டேடிக், நெவர் ஆகிய மூன்றின் வேறுபாடு தெரிய வேண்டும். ஆட்டோ என்பது சாதனம் வந்த பிறகு ஒதுக்குகிறது; நெவர் என்பது மின்சாரமே கொடுப்பதில்லை. ஸ்டேடிக் என்பது சாதனம் வருவதற்கு முன்பே அளவை ஒதுக்கி வைத்துவிடுகிறது. 'பவர் இன்லைன் போலீஸ்' கொடுத்திருந்தால், அளவுக்கு மீறி இழுக்கும் சாதனத்தின் போர்ட் எர்-டிசேபிள் நிலைக்குப் போகும், அதாவது அணைக்கப்படும். அதோடு 'ஆக்ஷன் லாக்' என்று சேர்த்தால் செய்தி மட்டும் பதிவாகும்.

தேர்வில் என்ன கேட்டார்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வதில்லை; தேர்வு தொடங்கும் முன் வெளியிடமாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறோம். 120 நிமிடத் தேர்வில் விடையளித்த கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது என்பதால், கழித்தல் கணக்கை அந்த இடத்திலேயே எழுதிப் போட்டுவிட்டு நகருங்கள். பிஓஇ-க்கு மொத்தம் இரண்டு மாலைகள் போதும். முதல் மாலை கணக்குகளுக்கு, இரண்டாவது மாலை பாக்கெட் டிரேசருக்கும் கட்டளைகளுக்கும். மூன்றாவது மாலையில் 25 விழுக்காடு எடையுள்ள ஐபி இணைப்புப் பகுதிக்கு, குறிப்பாக ஓஎஸ்பிஎஃப் என்ற ரூட்டிங் நெறிமுறைக்குத் திரும்பிவிடுங்கள்.