காது வைத்த வைகாசி

மாதத் தொடக்கத்தில் கொப்பியில் எழுதிவைத்தது: மூன்று புத்தகம், இரண்டு படம், விடியக் காலையில் நடை. இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. புத்தகம் ஒன்றுகூட முடியவில்லை. படம் ஒன்று பார்த்தோம், அதிலும் பாதியில் நித்திரை. நடை நாலு நாள். கச்சான் காற்று தொடங்கிவிட்டால் காலை எட்டு மணிக்கே அடுப்படியில் நிற்பதுபோல இருக்கும், அதோடு என் நடைக்கு லீவு. மாதம் முழுக்கப் போனது கொப்பியிலேயே இல்லாத ஒரு வேலையில்: ஆத்துக்குள், அதாவது மட்டக்களப்பு வாவிக்குள், மீன் பாடுகிறதா என்று கேட்கப் போனேன்.

கல்லடியில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் மட்டக்களப்பை ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று எத்தனை மேடையில் சொல்லக் கேட்டிருப்பேன். கடைப் பலகையில் மீன், ஜேர்சியில் மீன். பாட்டு மட்டும் ஒருநாளும் காதில் விழுந்ததில்லை. கேட்கப் போனதும் இல்லை என்பதுதான் உண்மை.

கிளப்பிவிட்டது ஒரு பழைய இங்கிலிசுப் புத்தகம். எமர்சன் டெனன்ட், வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கையில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். 1848இல் மட்டக்களப்புக்கு வந்து, இரவில் வள்ளத்தில் போய்க் கேட்டதை 1859இல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஈர விரலால் வைன் கிளாசின் விளிம்பைத் தேய்த்தால் வரும் மெல்லிய அதிர்வுபோல இருந்ததாம். ஒரே நீட்டுச் சுரம் கிடையாது. பொடிப்பொடியாக எண்ணற்ற ஒலிகள், ஒவ்வொன்றும் தனியே தெளிவாக. வள்ளத்தின் மரத்தில் காதை வைத்ததும் சத்தம் பெருத்ததாம். இதில் எனக்குப் பிடித்த இடம், அங்கிருந்த மீனவர்கள் மீனைக் காட்டவில்லை, ஊரியை, அந்தச் சின்னச் சங்குப்பூச்சியைக் காட்டினார்கள் என்பது. அப்படியென்றால் நாங்கள் இவ்வளவு காலமும் மீனுக்குக் கொடுத்த பேர் ஊரிக்குச் சேரவேண்டியதா?

வைன் கிளாஸ் கதையை மகனிடம் சொன்னது என் பிழை. தரம் ஒன்பது, எதையும் செய்து பார்க்காமல் விடமாட்டான். குசினியில் உள்ள கிளாஸ் எல்லாவற்றையும் தேய்த்துப் பார்த்தோம். தேத்தண்ணிக் கிளாஸ் தடிப்பு, வாயே திறக்கவில்லை. மச்சாள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் கல்யாணப் பரிசாக வந்து கிடந்த கால் வைத்த கிளாஸ் இரண்டை இரவல் வாங்கினேன். விரலில் எண்ணெய்ப் பசை இருந்தால் சரிவராது; சவர்க்காரம் போட்டுக் கழுவி, நனைத்து, மெதுவாகச் சுற்றவேண்டும். மூன்றாம் சுற்றில் கிளாஸ் பாடியது. மயிர் கூச்செறிந்தது, பொய் இல்லை. தண்ணீர் ஊற்ற ஊற்றச் சுருதி கீழே இறங்கும்.

அந்த நேரம் மேசையில் கிடந்தது, துறவியும் தமிழறிஞருமான விபுலாநந்த அடிகளார் பழந்தமிழ் இசையையும் யாழையும் ஆராய்ந்து எழுதிய யாழ்நூல். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் 25 அடிகளுக்கு விளக்கம் தேடப்போய்க் கிளைத்த நூல் அது. 1947 யூனில் திருக்கொள்ளம்புதூரில் அரங்கேற்றினார்கள். யூலை 19 அடிகளார் போய்விட்டார். விஞ்ஞானம் படித்த மனிசன், பக்கத்துக்குப் பக்கம் கணக்கு. இரண்டாம் தரம் தொடங்கி இரண்டாம் தரமும் கணக்கில் சறுக்கினேன். ஆனால் குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு, அதாவது ச-வுக்கும் ப-வுக்கும் உள்ளது, அதிர்வெண்ணில் இரண்டுக்கு மூன்று என்ற ஒரு விசயம் மட்டும் கிளாஸ் தயவில் விளங்கியது. ஒரு கிளாசை வெறுமையாக விட்டு, மற்றதைக் கிட்டத்தட்ட விளிம்புவரை நிரப்பி, போனில் சுருதி பார்க்கும் செயலியை வைத்துக்கொண்டு கரண்டி கரண்டியாகத் தண்ணீர் சேர்த்தோம். பின்னேரம் முழுக்கப் போய்விட்டது. இரண்டையும் ஒன்றாகத் தேய்த்தபோது என் பாட்டி, பெத்தாச்சி, உள்ளே இருந்து, “ஆரு புள்ள அது சங்கு ஊதுற?” என்று கேட்டா.

ஆத்தில் முதல் முயற்சி படுதோல்வி. 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்துக்குக் கீழே, பிவிசி குழாயின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்தேன். 2013இல் திறந்த புதுப்பாலம் பக்கத்திலேயே. அதில் போகும் லொறி எல்லாம் குழாய் வழியாக என் மண்டைக்குள் ஏறின. இரண்டாம் முயற்சி மகனுடையது. ஹாண்ட்ஸ்பிறீயின் மைக்கைப் பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டி, கல்லுக் கட்டி இறக்கினான். போன் பதிவுசெய்தது. வீட்டில் வந்து கேட்டால் ‘சடசட’ என்று பொரிகிற சத்தம், தாச்சியில் கடுகு வெடிப்பதுபோல. சூடான கடல்களில் கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் போடும் சின்ன இறால் இனம் உண்டு, அதுவாக இருக்கலாம். சந்தோசப்பட நேரம் கிடைக்கவில்லை. மூன்றாம் நிமிடத்தில் பலூன் ஒழுகியிருக்கிறது. ஹாண்ட்ஸ்பிறீ போய்ச் சேர்ந்தது.

பாட்டுக்குப் பேர்போனது பூரணை இரவு. வைகாசிப் பூரணையை ஒட்டித்தான் கண்ணகை அம்மன் சடங்கும். பெத்தாச்சி பிறந்தது காரைதீவு, அவவுக்கு மீனும் தெரியாது ஊரியும் தெரியாது, “குளிர்த்திக்குப் போகாம ஆத்தங்கரையில என்ன வேலை?” என்ற ஒரே கேள்வி. காரைதீவுக்குப் பஸ் ஏறினோம். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று சனம் ஏறி ஏறி, நின்றபடியே போனது.

வருசம் முழுக்கப் பூட்டிக்கிடக்கும் கோயில் வைகாசியில் திறந்து, கண்ணகி கதையான வழக்குரை படித்து, கடைசியில் மதுரையை எரித்த கோபம் தணியக் குளிர்த்தி பாடுவார்கள். சின்னவயதில் கச்சானும் ஐஸ்பழமும்தான் எனக்குக் குளிர்த்தி. (காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பேரை வைத்தவர்களை என்ன சொல்ல.) இந்த முறை காதைத் தீட்டி வைத்திருந்ததாலோ என்னவோ, உடுக்கை கேட்டது, அதற்குப் பின்னால் பெண்களின் குரவை கேட்டது, இரண்டுக்கும் நடுவில் பெத்தாச்சியின் முணுமுணுப்பு கேட்டது. படிப்பவருக்கு ஒரு சொல் முந்தியே அவவின் வாயில் அடுத்த வரி. எழுத்து வாசிக்கத் தெரியாதவ. சிலப்பதிகாரத்தின் 25 அடிக்கு நூல் எழுதிய அடிகளாரும் இதே ஊரில் பிறந்தவர். அவரும் சின்னப் பிள்ளையாக இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கந்தையா பண்டிதரின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வந்தது. அதை இந்த மாதம் அங்கொன்று இங்கொன்றாகப் பாதிதான் புரட்டினேன், நாட்டார் பாட்டுப் பகுதியைவிட்டுக் கிறுகவே மனம் வரவில்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மாமாவின் ஊரில் கூத்துப் பழகுகிறார்கள் என்று ஒருநாள் போய்ப் பார்த்தோம். வடமோடி என்ற கூத்து வகை. கூண்டுபோல விரியும் கரப்புடுப்பும் முடியும் அரங்கேற்றத்துக்குத்தான், பழக்கத்தில் சாரமும் ரீசேட்டும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டி, “காலைக் கேளு, என்னைப் பாக்காத” என்று ஒரு பொடியனுக்கு ஏசினார். மகன் அதைப் பிடித்துக்கொண்டு இப்போது வீடு முழுக்கத் தாளம்.

ஆத்துக்குப் போனது பூரணை கழிந்து இரண்டாம் இரவு. டெனன்ட் சொன்ன மரம் வேண்டுமே. இப்போது கண்ணில் படுவதெல்லாம் பைபர் வள்ளம். விசாரித்து விசாரித்து, மரத்தோணி வைத்திருக்கும் ஒரு ஐயாவைப் பிடித்தோம். நிலவு எட்டு மணிக்குப் பிறகுதான் எழும்பியது. பாலத்து லைற்றை விட்டுத் தள்ளிப்போய்த் தோணியை நிறுத்தினார்.

“துடுப்பைத் தண்ணிக்குள்ள விடு மகள். மற்றப் பக்கத்தைக் காதில வை. மறுகா மூச்சு விடாத.”

இதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீருக்குள் பிறக்கும் சத்தம் மேற்பரப்பில் முட்டி ஏறக்குறைய முழுதும் உள்ளேயே திரும்பிவிடும், காற்றுக்கு வருவது சொற்பம். மரம் இடையில் நின்று கொண்டுவந்து காதில் விடுகிறது. கரையில் நின்று காதைக் கூராக்கிக்கொண்டிருந்தால் விடியும்வரை நிற்கவேண்டியதுதான்.

முதலில் அதே கடுகு வெடிப்பு. பிறகு தோணியின் பக்கப் பலகையில் காதை வைத்துப் படுத்தேன். ஈர மரமும் பழைய மீனும் மணத்தது. கால்மணித்தியாலம் போயிருக்கும். கடுகுக்குப் பின்னால், ஆழத்தில், ‘ம்ம்ம்’ என்று ஒன்று. நின்றது. திரும்ப வந்தது, கொஞ்சம் மேலே. மச்சாள் வீட்டுக் கிளாஸ் கிட்டவரவில்லை. தூரத்து வீட்டில் யாரோ தம்புராவை ஒருதரம் தொட்டுவிட்டுப் போனதுபோல. மகன் தனக்கும் அது காதில் விழுந்தது என்கிறான். அவன் கேட்காவிட்டாலும் கேட்டேன் என்றுதான் சொல்வான்.

“இதுதானா ஐயா?”

“ஆருக்குத் தெரியும். என்ட அப்பன் இதைத்தான் காட்டினவர்.”

மகனின் போனில் நாற்பது செக்கன் இருக்கிறது, இந்த முறை பலூன் இரண்டு. அதில் கடுகு மட்டும் கேட்கிறது. நான் கேட்டது பதிவில் இல்லை.

மற்றதெல்லாம் சில்லறைச் சந்தோசம். பாலைப்பழம் வந்துவிட்டது, தின்றால் உதடு ஒட்டும், ஒட்டட்டும். சட்டியில் எருமைத் தயிர், சீனி போட்டு, மதியம் சோறே வேண்டாம் என்ற இரண்டு நாள். பின்னேரம் கச்சான் ஓய்ந்து கடற்காற்று திரும்பும் அந்த அரைமணி. மச்சாளின் கிளாசை உடைக்காமல் திருப்பிக் கொடுத்தது.

செத்துப்போன ஹாண்ட்ஸ்பிறீயை மகன் அரிசி வாளிக்குள் ஒரு கிழமை புதைத்துவைத்திருந்தான். நேற்று எடுத்துப் பார்த்தோம். இடதுகாது மட்டும் கேட்கிறது.