எஸ்த்ரமதூராவில் குழந்தையோடு

ஏப்ரல் 26, 2025, சனி. ட்ருஹீயோ

ஸ்பெயினின் தலைநகர் மத்ரித்திலிருந்து, மேற்கே எஸ்த்ரமதூரா மாநிலத்தில் உள்ள இந்த ஊருக்குச் சுமார் 250 கிலோமீட்டர். மகள் தூங்கும் நேரம் பார்த்துக் கிளம்பியதால் பாதி வழி நிம்மதியாகக் கழிந்தது. 135 செ.மீ.க்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளைப் பின்பக்கம் அவர்களுக்குரிய இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம் என்பதால், அழுகிறாளே என்று மடியில் எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. வண்டியை ஓரங்கட்டத்தான் வேண்டும்.

உண்மையான சிக்கல் தூரமன்று, சாப்பாட்டு நேரம். அவளுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கும் மாலை ஆறரை மணிக்கும் பசிக்கும். உணவகங்களிலோ பகலில் ஒன்றரை மணிக்கு முன்னும், இரவில் எட்டரை மணிக்கு முன்னும் அடுப்பே எரிவதில்லை. இடைப்பட்ட நேரத்தில் கைகொடுப்பவை பார்கள். பார் என்றதும் நாம் நினைக்கும் மதுக்கடையன்று. காலைக் காப்பிக்கும் ஊர்வம்புக்கும் எல்லா வயதினரும் வந்து உட்காரும் இடம். முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துத் தடிமனாகச் சுட்ட தோர்த்தியா பெரும்பாலும் மேடையின் மேலேயே இருக்கும். மகள் அதில் ஒரு துண்டை முழுதாகச் சாப்பிட்டாள்.

இரவு பத்து மணிக்கு ஊர்ச் சதுக்கத்தில் பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள், பாட்டிமார் திண்ணையில் இருப்பதுபோல் கல்படிகளில் அமர்ந்திருந்தார்கள். நடுவே பிசாரோவின் வெண்கலச் சிலை குதிரைமீது நிற்கிறது. இன்கா பேரரசை வீழ்த்திய அவர் பிறந்த ஊர் இது. அந்த மனிதரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. மகளுக்கு வேண்டியிருந்ததோ குதிரை மட்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு. மோன்ஃப்ராகுவே

2007இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். கோட்டைக்கு ஏறும் படிகளைக் கைவிட்டு, தாஹோ ஆற்றின் எதிர்க்கரையில் செங்குத்தாக நிற்கும் பாறையைச் சாலையோரத்திலிருந்தே பார்த்தோம். சின்னப் பிள்ளையோடு வருபவர்களுக்கு இதைவிட வசதியான காட்சிமுனை அமையாது: வண்டியிலிருந்து இறங்கினால் பிணந்தின்னிக் கழுகுகள் கண்ணுக்கு நேர் உயரத்தில் வட்டமிடுகின்றன. ஆனாலும் அவளைக் கவர்ந்தவை செங்கால் நாரைகள்தாம். ட்ருஹீயோவின் கோபுரங்களில் கூடு கட்டியிருந்த அவை, குரல் கொடுப்பதற்குப் பதிலாக அலகுகளைத் தட்டி ஓசை எழுப்பின. அதைக் கேட்டதிலிருந்து இவள் எங்கே பறவையைக் கண்டாலும் கைதட்டுகிறாள்.

வழியெல்லாம் ஓக் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும் மேய்ச்சல் காடு. தக்கைக்காகப் பட்டை உரித்த மரங்களின் அடிப்பகுதி செம்பழுப்பாக இருக்கிறது. அதன்மேல் வெள்ளை மையில் ஓர் எண். உரித்த ஆண்டின் கடைசி இலக்கமாம். ஒன்பது ஆண்டு கழித்தே அடுத்த முறை உரிப்பார்கள் என்பதால் அந்தக் கணக்கு மரத்திலேயே இருக்கிறது.

ஏப்ரல் 28, திங்கள். குவாதலூப்பே

பகல் 12:33க்குப் பாலைச் சூடாக்க வைத்த மைக்ரோவேவ் நின்றது. அறையின் ஃபியூஸ் போயிருக்கும் என்று கீழே இறங்கினால், தெரு முழுக்க அதே கதை. சற்று நேரத்தில் கைப்பேசியும் செத்தது. பேட்டரி வானொலி வைத்திருந்த பெரியவர் ஒருவரைச் சுற்றிச் சதுக்கத்தில் கூட்டம் சேர்ந்தது. ஸ்பெயினும் போர்த்துகலும் சேர்ந்தாற்போல் இருளில் இருப்பதாக அதில்தான் கேட்டோம்.

பெரியவர்கள் மட்டும் என்றால் ரொட்டியைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருப்போம். குழந்தைக்குப் பால், டயபர், இரவுக்கு வெளிச்சம் என்று ஒவ்வொன்றாக எண்ண வேண்டியிருந்தது. கடையில் அட்டை செல்லாது. பையிலிருந்த கொஞ்சம் யூரோவை எண்ணிச் செலவழித்தோம். பெட்ரோல் பம்பும் ஓடாது என்பதால் மலைப்பாதையில் கிளம்பும் யோசனையைக் கைவிட்டோம். பாலுக்கு வழி காட்டியது மூலையிலிருந்த பார்: ஆரஞ்சு நிறச் சிலிண்டரில் எரியும் அடுப்பில், கேட்காமலேயே சிறு பாத்திரத்தை வைத்து, தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துத் தந்தார் அந்த அம்மாள். காசு வாங்க மறுத்துவிட்டார்.

மாலையில் வீடுகளுக்குள் இருக்கப் பிடிக்காமல் ஊரே வெளியே வந்துவிட்டது. எங்கள் மகளுக்குத் தெரியாத பெயரே இல்லை என்னும் அளவுக்கு ஆளாளுக்குத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மின்சாரம் எப்போது வந்ததென்று தெரியாது, தூங்கிவிட்டோம்.

ஏப்ரல் 29, செவ்வாய். குவாதலூப்பே

1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள மடம். உள்ளே வழிகாட்டியோடுதான் போக வேண்டும், நடுவில் கழன்றுகொள்ளவும் முடியாது. தள்ளுவண்டியோடும் பொறுமையற்ற குழந்தையோடும் அது ஆகாத காரியம். ஆகவே முறை வைத்துக்கொண்டு முதலில் கணவரும் பிறகு நானும் போனோம். சுர்பரான் 17ஆம் நூற்றாண்டில் இந்த மடத்துக்கென்றே வரைந்த ஓவியங்கள் அதே அறையில், அதே சுவர்களில் இன்றும் இருக்கின்றன. அருங்காட்சியக வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு அந்த வெண்துறவாடைகளின் மடிப்புகள் இங்கே வேறுவிதமாகத் தெரிகின்றன. தனியாகப் போனதால் அவற்றின் முன் நிற்க நேரம் கிடைத்தது.

கொலம்பஸ் அழைத்து வந்த அமெரிக்கப் பழங்குடியினர் இருவருக்கு 1496இல் ஞானஸ்நானம் செய்வித்தது, சதுக்கத்தில் உள்ள நீரூற்றில்தான் என்கிறார்கள். நான் வெளியே வந்தபோது மகள் அதே நீரூற்றில் தோள்வரை நனைந்திருந்தாள். வண்டியில் உலர்ந்த சட்டை ஒன்றுதான் மீதம். வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் வாந்தி வந்தால் என்ன செய்வதென்று கணவர் கேட்கிறார்.