பச்சைச் சுவரும் ஒரு சிவப்பு இருக்கையும்
அமெரிக்காவின் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின்மீது எனக்குள்ள பற்று அதன் வெற்றிகளால் வந்ததன்று. 1912 ஏப்ரலில் திறக்கப்பட்டு, இன்றும் அதே இடத்தில் நிற்கும் ஃபென்வே பார்க் மைதானத்தால் வந்தது. இடப்பக்கம் லேன்ஸ்டவுன் தெரு ஒட்டினாற்போல் ஓடுவதால் களத்தை அகட்ட இடமில்லை. அந்தக் குறையை உயரத்தால் ஈடுகட்டுவதுபோல், ‘கிரீன் மான்ஸ்டர்’ என்று எல்லோரும் அழைக்கும் பச்சைச் சுவர் 37 அடிக்கு எழும்பி நிற்கிறது. சுவரின் அடியிலுள்ள ஸ்கோர் பலகையில் எண் தகடுகளை ஆட்கள் இன்றும் கையால்தான் மாட்டுகிறார்கள்.

வலப்பக்கம், வரிசை வரிசையான பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒன்றே ஒன்று சிவப்பாக இருக்கும். 1946 ஜூன் 9 அன்று ரெட் சாக்ஸ் வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து வந்து, அங்கே அமர்ந்திருந்த ரசிகரின் வைக்கோல் தொப்பியில் விழுந்ததன் அடையாளம் அது.

1918க்குப் பிறகு 86 ஆண்டுகள் ‘வேர்ல்ட் சீரிஸ்’ என்னும் இறுதித் தொடரின் பட்டமே கிட்டாதபோதும் பாஸ்டன் மக்கள் இந்த அணியைக் கைவிடவில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். 2004இல் பட்டம் உறுதியானதுகூட எதிரணியின் ஊரான செயின்ட் லூயிஸில்தான். தங்கள் மண்ணிலேயே அதைக் காண அவர்கள் 2013 வரை காத்திருந்தார்கள்.